அத்தியாயம் 7: ராக்கெட்டாய் ஏறி, கிளைடராய் இறங்குவது

முந்தைய அத்தியாயங்களில் செய்த ராக்கெட்டுகள் எல்லாம் ஒரே குடும்பம்: அட்டைக் குழாய், மூக்குக்கூம்பு, மூன்று நான்கு துடுப்புகள், உள்ளே மடித்து வைத்த பாராசூட். பூஸ்ட் கிளைடர் கிட் அந்தக் குடும்பத்தில் சேராது. பெட்டியைத் திறந்தால் பால்சா இறக்கைகளும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றும் இருக்கும். ராக்கெட் என்று சொல்லத்தக்கது உள்ளங்கை நீளக் குழாய் ஒன்றுதான். அந்தக் குழாய்தான் மோட்டார் கூடு. அது கிளைடரின் மூக்கில் ஒரு கொக்கியால் மாட்டிக்கொண்டு, முழு மாடலையும் செங்குத்தாக மேலே இழுத்துச் செல்லும். உச்சியில் கூடு கழன்று ரிப்பனுடன் தனியே விழும். கிளைடர் வட்டமடித்துக்கொண்டு நிதானமாக இறங்கும்.

இரண்டு மூன்று சாதாரண ராக்கெட்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டவர்கள் இதைத் தொடங்கலாம். கட்டும் வேலை கடினமில்லை. கட்டி முடித்தபின் வரும் சமநிலைப்படுத்தும் வேலைதான் பொறுமை கேட்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் பாதி அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

1. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

ஏறும்போது இது ஓர் அம்பு. எடை மையம் முன்னால் இருக்க வேண்டும். மூக்கு எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. இறங்கும்போது இது ஒரு விமானம். எடை மையம் இறக்கைக்கு அடியில் இருக்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் தானே நிமிர வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் ஒத்துப்போகாது. கூடு கழலும் ஏற்பாடு இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கிறது: கூடும் மோட்டாரும் மூக்கில் இருக்கும்வரை எடை மையம் முன்னால், அவை போனதும் பின்னால்.

மீதிப் பாதி வேகம் சார்ந்தது. இறக்கை முனைக்கு முனை 45 செ.மீ. உள்ள கிளைடர் நொடிக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 மீட்டர் வேகத்தில் மிதக்கும். மோட்டார் எரியும்போது அதே மாடல் நொடிக்கு 30 மீட்டரைத் தொடும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 5 மடங்கானால் விசை 25 மடங்கு. வாலில் நீங்கள் கொடுத்த ஒரு மில்லிமீட்டர் வளைவு, மிதக்கும்போது மூக்கை மெல்ல உயர்த்தும். ஏறும்போது அதே வளைவு மாடலைக் கரணம் அடிக்க வைத்துத் தரையில் மோதவைக்கும்.

எடைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூக்கில் ஒட்டிய ஒரு கிராம் களிமண் எந்த வேகத்திலும் ஒரு கிராம்தான். ஆகவே அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: எடையால் சரிசெய்ய முடிந்ததை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். கீழே வரும் அளவு, ஒட்டு, சோதனை எல்லாம் இந்த விதியிலிருந்து பிறந்தவையே.

2. இந்த வடிவம் வந்த வழி

மாடல் ராக்கெட் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் பிறந்தது. அங்கே காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954இல், ஏறி இறங்கி மீண்டும் ஏறக்கூடிய சிறு ராக்கெட்டைச் செய்தார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலைபார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் 1957இல் அதைப் பார்த்து, பாதுகாப்பான பொழுதுபோக்காக வளர்த்தெடுத்தார். தேசிய ராக்கெட்ரி சங்கம் அதே ஆண்டு தொடங்கியது. மோட்டார்களை வேகமாகவும் ஒரே தரத்திலும் செய்யும் இயந்திரத்தை வெர்ன் எஸ்டெஸ் கொலராடோவில் உருவாக்கினார். அவருடைய நிறுவனம் 1961இல் பென்ரோஸ் ஊருக்குக் குடிபோனது.

தொடக்கக் கிட்கள் எல்லாம் பாராசூட்டிலோ ரிப்பனிலோதான் இறங்கின. 1960களின் தொடக்கத்தில் எஸ்டெஸ் நிறுவனத்தின் ஸ்பேஸ் பிளேன் வந்தது. அதில் மோட்டார் வாலில் இருந்தது. உச்சியில் காலி மோட்டார் பின்னால் தெறித்ததும் இறக்கையின் மடல்கள் நிமிர்ந்து மாடல் மிதக்கத் தொடங்கும். கனமான மோட்டார் வாலில் இருந்தால் ஏறும்போது எடை மையம் பின்னுக்குப் போய்விடுகிறது. இதைத் தீர்க்க லாரி ரெஞ்சர் என்ற வடிவமைப்பாளர் மோட்டாரை மூக்குக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஸ்கை ஸ்லாஷ் மாடல் காட்டிய வழியில்தான் இன்றைய பூஸ்ட் கிளைடர் கிட்களில் பெரும்பாலானவை வருகின்றன. நாம் கட்டப்போவதும் அதே வகை: மூக்கில் கழலும் கூடு, நடுவில் இறக்கை, கடைசியில் வால்.

3. பெட்டியைத் திறந்ததும்

வழிமுறைத் தாளை முழுவதும் ஒருமுறை படியுங்கள். பிறகு பால்சாத் துண்டுகளை எடுத்துப் பாருங்கள்.

இரண்டு இறக்கைத் துண்டுகளையும் தனித்தனியே எடை போடுங்கள். பால்சா இயற்கை மரம்; ஒரே பலகையில்கூட ஒரு பக்கம் கனமாக இருக்கும். ஒன்று மற்றதைவிட அரை கிராம் கூடுதலானால், கனமானதை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். இடப்பக்கம் வட்டமடிக்க வேண்டுமானால் அது இடப்பக்கம்.

மரத்தின் ரேகையைப் பாருங்கள். இறக்கையிலும் கிடைவாலிலும் ரேகை முனைக்கு முனை நீளவாக்கில் ஓட வேண்டும். செங்குத்து வாலில் ரேகை மேல்நோக்கி, முன்விளிம்பை ஒட்டி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் ஏவலிலேயே முறியும்.

தேவையான கருவிகள்: கூர்மையான பிளேடு, இரும்பு ஸ்கேல், 220, 400 எண் உப்புத்தாள்கள், உப்புத்தாளைச் சுற்ற ஒரு தட்டையான மரக்கட்டை, மரத்துக்கான மஞ்சள் அல்லது வெள்ளைப் பசை, மாஸ்கிங் டேப், விளையாட்டுக் களிமண், 0.1 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. பால்சாத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

உடனே ஒட்டும் சூப்பர் குளூவை இறக்கை மூட்டில் தவிருங்கள். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்து, அதிர்ச்சியில் விட்டுவிடும்.

4. இறக்கை

*தேய்ப்பு.* இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். மேற்பக்கத்தை வளைவாகத் தேயுங்கள். மிகத் தடித்த இடம் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வர வேண்டும். அங்கிருந்து பின்விளிம்புவரை சீராகச் சரிந்து, விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலியட்டும். முன்விளிம்பைக் கூராக்காமல் உருட்டிவிடுங்கள். இரண்டு இறக்கைகளையும் மாறிமாறித் தேயுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் இரண்டும் ஒன்றுபோல் வராது.

*நடு மூட்டு.* இறக்கை முனைகள் இரண்டும் மேல்நோக்கி உயர்ந்திருந்தால்தான் கிளைடர் சாயும்போது தானே நிமிரும். 45 செ.மீ. அகல மாடலில் ஒவ்வொரு முனையும் 3 முதல் 4 செ.மீ. உயர்வது வழக்கம், உங்கள் கிட்டின் வரைபடம் சொல்வதே இறுதி. மூட்டு ஒட்ட வேண்டுமானால் இரண்டு இறக்கைகளின் உள்விளிம்பையும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். இறக்கையின் உள்விளிம்பை மேசை விளிம்போடு சமமாக வையுங்கள். வெளிமுனைக்கு அடியில் தேவையான உயரத்துக்குக் கட்டை வைத்துத் தூக்குங்கள். உப்புத்தாள் சுற்றிய கட்டையை மேசையின் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழுமாகத் தேயுங்கள். கோணம் தானாக வந்துவிடும்.

*ஒட்டுதல்.* இரண்டு உள்விளிம்பிலும் பசையைத் தடவி, ஊறிக் காயும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். மறுபடி தடவிச் சேர்த்து, கட்டை வைத்துப் பிடித்தபடி இரவு முழுக்கக் காயவிடுங்கள். முதல் பூச்சை மரம் குடித்துவிடும், இரண்டாவதுதான் பிடிக்கும். ஏறும்போது இறக்கையின் முழுச் சுமையும் இந்த மூட்டில்தான் விழுகிறது.

காய்ந்ததும் இறக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து பாருங்கள். எந்தப் பக்கமாவது முறுக்கு இருந்தால், கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில விநாடி காட்டி, எதிர்ப்பக்கம் மெல்லத் திருகிப் பிடித்து ஆறவிடுங்கள். முறுக்கோடு மேற்கொண்டு போகாதீர்கள். மிதக்கும்போது கண்ணுக்குத் தெரியாத முறுக்கு, ஏறும்போது மாடலைச் சுழற்றும்.

5. சட்டமும் வாலும்

சட்டத்தின் நடுக்கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். இறக்கையை அதன்மேல் வைத்து, இரண்டு முனைகளிலிருந்தும் வால் நுனிவரை நூல் பிடித்து அளவுகள் சமமா என்று பாருங்கள். சமமான பிறகே ஒட்டுங்கள்.

கிடைவாலை ஒட்டும்போது மிகுந்த கவனம் தேவை. இறக்கையின் அடிப்பரப்புக்கும் கிடைவாலுக்கும் இடையே சில கிட்களில் மிகச் சிறிய கோண வேறுபாடு இருக்கும். வரைபடத்தில் இருப்பதை மட்டும் கொடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ வேண்டாம். முதல் பிரிவில் சொன்ன 25 மடங்கு இங்கேதான் வேலை செய்கிறது.

வட்டமடிக்க வைக்கக் கிடைவாலை ஒருபக்கம் சற்றுச் சாய்த்து ஒட்டுவார்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது எந்தப் பக்க முனை உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கிளைடர் திரும்பும். 45 செ.மீ. மாடலில் முனை 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். செங்குத்து வால் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்க வேண்டும். அதைத் திருப்பி வட்டம் கொடுக்க நினைத்தால் ஏறும்போது மாடல் திருகாணிபோல் சுற்றும்.

எல்லா மூட்டுகளின் ஓரத்திலும் விரலால் பசையை இழுத்துச் சிறு வளைவாக நிரப்புங்கள்.

6. மோட்டார் கூடும் கொக்கியும்

கூட்டின் குழாய், மூக்குக்கூம்பு, மோட்டார் நிறுத்தும் வளையம் ஆகியவற்றைச் சாதாரண ராக்கெட்போலவே ஒட்டுங்கள். குழாய்க்கு அடியில் மெல்லிய மரத் தாங்கி வரும். அதன் கீழ்ப்பகுதி கிளைடர் மூக்கிலுள்ள பள்ளத்தில் கொக்கியாக மாட்டும். தாங்கி குழாயை உயர்த்திப் பிடிப்பதால்தான் நெருப்பு இறக்கைக்கு மேலாகக் கடந்துபோகிறது. ஆனாலும் சட்டத்தின் மேற்பரப்பு சற்றுக் கருகும். அங்கே வெள்ளைப் பசையை மெலிதாகப் பூசிக் காயவிடுங்கள்.

கொக்கி வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். மோட்டார் எரியும்போது கூடு முன்னோக்கித் தள்ளும், கொக்கி இறுகும். மோட்டார் அணைந்த பிறகும் கூடு விலகாது: அகன்ற இறக்கையைக் காற்று பின்னுக்கு இழுக்கிறது, கனமான கூடு முன்னே போகப் பார்க்கிறது. உச்சியில் மோட்டாரின் வெளியேற்றும் மருந்து வெடித்து மூக்குக்கூம்பை முன்னே தள்ளும். அதன் எதிர்விசை கூட்டைப் பின்னே தள்ளும். அப்போது கொக்கி கழலும்.

இதிலிருந்து மூன்று சோதனைகள்:

ஒன்று: கூட்டைப் பிடித்து, மூக்கு மேலாகத் தூக்குங்கள். கிளைடர் தொங்க வேண்டும், விழக் கூடாது.

இரண்டு: கிளைடரைப் பிடித்து, மூக்கு மேலாகத் தூக்குங்கள். கூடு தன் எடையாலேயே நழுவி விழ வேண்டும். தயங்கினால், உலுக்க வேண்டியிருந்தால், கொக்கி இறுக்கம். 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, பென்சில் கரியைத் தடவுங்கள்.

மூன்று: மோட்டாரை மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்கி நுழைத்து, பின்னாலிருந்து இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. மோட்டார் தளர்ந்திருந்தால் வெளியேற்றும் மருந்து மூக்குக்கூம்பை விட்டுவிட்டு மோட்டாரைப் பின்னால் துப்பிவிடும். அப்போது எதிர்விசை கூட்டை முன்னே தள்ளுவதால் கொக்கி இன்னும் இறுகும். கூட்டோடு சேர்ந்து மாடல் தலைகீழாக வரும். இதே காரணத்துக்காக மூக்குக்கூம்பு மிக இறுக்கமாக இருக்கக் கூடாது. கூட்டைத் தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். விரலால் இழுத்தால் எளிதில் வர வேண்டும்.

ஏவுகம்பியில் நுழையும் சிறு குழல் கூட்டில்தான் ஒட்டப்படும், கிளைடரில் அல்ல. கூடு இறங்க ரிப்பன் போதும்: நீளம் அகலத்தைப்போல் பத்து மடங்கு. தாங்கியின் ஓரங்கள் அனைத்தையும் உருட்டித் தேயுங்கள். கூர்மையான எந்த ஓரமும் ரிப்பன் நூலைப் பிடித்துக்கொள்ளும்.

7. வண்ணம்

பெயின்ட் கனம். கிளைடரின் மொத்த எடையே சுமார் 25 கிராம்தான். இரண்டு பூச்சு ஸ்பிரே பெயின்ட் அதில் நான்கைந்து கிராம் ஏற்றிவிடலாம், அதுவும் பெரும்பாலும் வாலில். மர நுண்துளைகளை அடைக்கும் சீலரை ஒருமுறை மெலிதாகப் பூசி, 400 எண் தாளால் தேய்த்துவிடுங்கள். நிறத்துக்கு மார்க்கர் பேனா போதும். இறக்கையின் அடியில் கறுப்புப் பட்டைகள் போடுங்கள். வானத்தின் வெளிச்சத்தில் கறுப்புதான் நெடுநேரம் கண்ணுக்குத் தெரியும். மேலே சிவப்போ ஆரஞ்சோ இருந்தால் புல்லில் தேட எளிது. உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சட்டத்தில் எழுதுங்கள்.

8. எடை மையம்: காகிதத்தில் ஒரு கணக்கு

கூடில்லாத கிளைடரை இறக்கைக்கு அடியில் இரு விரல்நுனிகளில் தாங்குங்கள். மட்டமாக நிற்கும் இடம்தான் எடை மையம். வரைபடத்தில் குறித்த இடத்துக்கு அது வரும்வரை மூக்கில் களிமண் சேருங்கள். வரைபடம் குறிக்காவிட்டால், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள தூரத்தில் 40 விழுக்காட்டில் தொடங்குங்கள்.

இப்போது கூட்டையும் புது மோட்டாரையும் மாட்டி மறுபடி பாருங்கள். எடை மையம் இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். ஏன் வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கிளைடர் 25 கிராம்; அதன் எடை மையம் முன்விளிம்புக்கு 35 மி.மீ. பின்னால். கூடு 10 கிராம், மோட்டார் 18 கிராம், ஆக 28. அவற்றின் மையம் முன்விளிம்புக்கு 90 மி.மீ. முன்னால். முன்பக்கம் 28 × 90 = 2520; பின்பக்கம் 25 × 35 = 875. வித்தியாசம் 1645. அதை மொத்த எடை 53ஆல் வகுத்தால் 31. அதாவது எடை மையம் முன்விளிம்புக்கு 31 மி.மீ. முன்னால். இந்த மாடல் நேராக ஏறும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். முன்விளிம்புக்குப் பின்னால் விழுந்தால், ஏவாதீர்கள். கூட்டின் மூக்குக்கூம்புக்குள் களிமண் வைத்து முன்னால் கொண்டுவாருங்கள். அந்தக் களிமண் கூட்டோடு கழன்று போய்விடுவதால் கிளைடரின் மிதப்பு கெடாது.

9. கையால் எறிந்து பழக்குதல்

காற்றில்லாத அதிகாலை அல்லது மாலை, உயரப் புல் வளர்ந்த இடம். கூட்டைக் கழற்றிவிடுங்கள். கிளைடரைத் தோள் உயரத்தில் பிடித்து, மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, எதிரே உள்ள புல்லைக் குறிவைத்து மிதக்கும் வேகத்தில் விடுங்கள். பலமாக வீச வேண்டாம், மேல்நோக்கியும் வேண்டாம்.

தலையைத் தூக்கி, தயங்கி, குப்புற விழுந்து, மறுபடி தூக்கினால் வால் கனம். மூக்கில் பட்டாணி அளவில் பாதிக் களிமண் சேருங்கள். நேரே தரையைப் பார்த்துப் பாய்ந்தால் மூக்கு கனம், களிமண்ணைக் குறையுங்கள். களிமண் முழுதும் எடுத்தும் பாய்ந்தால், சட்டத்தின் மூக்கை உப்புத்தாளால் தேய்த்து எடை குறையுங்கள். வாலை வளைப்பது கடைசி வழி. வளைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

நேராக மிதக்கத் தொடங்கியதும் வட்டத்தைப் பாருங்கள். எறியும்போதே சற்று இடப்பக்கம் வளைந்தால் போதும். உயரத்திலிருந்து அது 20, 30 மீட்டர் அகல வட்டமாக விரியும். வளைவு போதாவிட்டால், உள்வட்டத்துப் பக்கத்து இறக்கை முனையில் கால் கிராம் களிமண் ஒட்டுங்கள். மறுபடியும் எடைதான், வளைவு இல்லை.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். களிமண்ணையும் வாலையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

இதுவரையில் மோட்டார் தேவைப்படவில்லை. மோட்டார் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள் இங்கேயே நின்று, மூக்குக்கு அடியில் சிறு கொக்கி வைத்து ரப்பர் பட்டையால் இழுத்து எய்து பறக்கவிடலாம். ராக்கெட் மோட்டார்களை விமானப் பயணப் பெட்டியில் எடுத்துச் செல்லக் கூடாது. இந்தியாவில் வெடிமருந்துப் பொருள்கள் 1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. பட்டாசு மருந்தை எடுத்து வீட்டில் மோட்டார் செய்வது கையையும் கண்ணையும் பறிக்கும். தொழிற்சாலையில் செய்த, ஒருமுறை மட்டும் எரியும் மோட்டார் தவிர வேறெதையும் இந்த நூல் பரிந்துரைக்கவில்லை.

10. மோட்டார் தேர்வு

மோட்டாரின் மேல் ஏ8-3, பி4-2 என்பதுபோல் எழுதியிருக்கும். எழுத்து மொத்தத் தள்ளுதிறன்: ஏ என்றால் 1.26 முதல் 2.50 நியூட்டன்-விநாடி, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. நடு எண் சராசரி விசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் வெளியேற்றும் மருந்து வெடிக்கும்வரை உள்ள தாமதம், விநாடியில்.

கிளைடருக்குக் கடைசி எண் மிக முக்கியம். அகன்ற இறக்கை காற்றைத் தடுப்பதால் இந்த மாடல் சாதாரண ராக்கெட்டைவிடச் சீக்கிரம் வேகம் இழந்து உச்சியை அடையும். தாமதம் நீண்டால் மாடல் திரும்பித் தரைநோக்கிப் பாயும்போது கூடு கழலும். அந்த வேகத்தில் இறக்கை முறியும். மிகக் குறைந்தால் மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போதே கழன்று, கிளைடர் கரணம் அடித்து உயரத்தை வீணாக்கும். இந்த அளவு மாடலுக்கு முதல் ஏவலில் ஏ8-3. அது நன்றாகப் போனபின் பி4-2. உங்கள் கிட்டின் தாளில் வேறு பட்டியல் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சி வகை மோட்டார் பொருந்துகிறது என்பதற்காக நுழைத்துவிடாதீர்கள். மெல்லிய பால்சா இறக்கை அந்த வேகத்தில் படபடத்துக் கிழியும்.

11. ஏவுதல்

ஏ மோட்டாருக்கு ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர், பி மோட்டாருக்கு 60 மீட்டர் அளவுள்ள திறந்தவெளி தேசிய ராக்கெட்ரி சங்க விதிகளின் குறைந்தபட்சம். கிளைடர் மிதந்து நகரும் என்பதால் அதைவிடப் பெரிய இடம் வேண்டும். மின்கம்பி, மரம், காய்ந்த புல் அருகில் ஆகாது. விதிகள் மணிக்கு 32 கி.மீ. காற்றுவரை அனுமதித்தாலும், கிளைடருக்கு முகத்தில் இதமாகத் தெரியும் காற்றே எல்லை.

இந்த மாடலுக்கே உரிய இரண்டு சங்கடங்கள் ஏவுதளத்தில் வரும்.

முதலாவது, உயரம். கூடு மூக்கில் இருப்பதால் வால் கீழே தொங்கும். வால் தட்டில் முட்டாதபடி, ஏவுகம்பியில் போதிய உயரத்தில் துணி கிளிப் ஒன்றை மாட்டி, கூட்டை அதன்மேல் உட்காரவையுங்கள். கிளைடர் கூட்டிலிருந்து தொங்கும். கொக்கி தானாக இறுகும். 90 செ.மீ. கம்பியில் பாதி இதிலேயே போய்விடுகிறது. மீதியுள்ள நீளம் மாடல் நிலைபெறப் போதாது. 120 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமான கம்பி வாங்குங்கள்.

இரண்டாவது, மின்கம்பிகள். இக்னைட்டரின் கிளிப்புகள் இறக்கைக்கு அருகில் தொங்கி, ஏறும்போது வாலில் மாட்டும். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, கிளிப் கம்பிகளை அதில் டேப் போட்டு, மோட்டார் உயரத்தில் பக்கவாட்டிலிருந்து வரும்படி செய்யுங்கள்.

ஏவும் வரிசை: மூக்குக்கூம்பைக் கழற்றித் தீக்காப்புத் தாள் மூன்றைத் தளர்வாக நுழையுங்கள், ரிப்பனைச் சுருட்டி வைத்து மூடுங்கள். ஆறாம் பிரிவின் இரண்டாம் சோதனையை மறுபடி செய்யுங்கள். கம்பியில் ஏற்றுங்கள். ஏவுகருவியின் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போது மட்டும் இக்னைட்டரை இணையுங்கள். எல்லோரும் 5 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். கம்பி செங்குத்திலிருந்து 30 பாகைக்குள் இருக்கட்டும். வானத்தில் விமானமோ பறவையோ இல்லை என்று பார்த்து, உரக்க ஐந்திலிருந்து எண்ணி ஏவுங்கள். பற்றவில்லையென்றால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்தே அருகில் போங்கள்.

ஒருவர் கிளைடரையும் இன்னொருவர் கூட்டையும் கண்ணால் பின்தொடருங்கள். இரண்டையும் ஒருவரே பார்க்க முடியாது.

12. பறந்ததைப் படித்தல்

*முதுகுப் பக்கமாகக் கரணம் அடித்தது.* வால் கோணம் அதிகம், அல்லது ஏறும்போது எடை மையம் பின்னால். கூட்டின் மூக்கில் எடை சேருங்கள்; வாலை வளைத்திருந்தால் நேராக்குங்கள்.

*வயிற்றுப் பக்கம் சாய்ந்தது.* கூடு முன்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்து மாட்டியிருக்கிறது. கொக்கிப் பள்ளத்தைச் சரிசெய்து, குழாய் சட்டத்துக்கு இணையாக வரச் செய்யுங்கள்.

*சுழன்றபடி ஏறியது.* இறக்கையில் முறுக்கு, அல்லது செங்குத்து வால் கோணல். மெதுவான சுழற்சி கெடுதலில்லை. நேராக ஏற உதவும். வேகமான சுழற்சிக்கு ஆவி வைத்தியம்.

*கூடு கழலவில்லை.* கொக்கியில் மோட்டார்ப் புகைக்கரி. ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் துடையுங்கள்.

*கூடும் கிளைடரும் நூலில் சிக்கி ஒன்றாக விழுந்தன.* அமெரிக்க ராக்கெட்காரர்கள் இதை ‘ரெட் பேரன்’ என்பார்கள். முதல் உலகப் போரின் ஜெர்மானிய விமானி மன்ஃப்ரெட் ஃபான் ரிச்தோஃபெனின் பட்டப்பெயர் அது. ரிப்பனை இன்னும் இறுக்கமாகச் சுருட்டுங்கள், தாங்கியின் ஓரங்களை மறுபடி உருட்டுங்கள். கூடு கழலும்போது வேகம் குறைவாக இருந்தால் சிக்கும் வாய்ப்பும் குறைவு. தாமத எண்ணையும் பாருங்கள்.

*கையால் எறிந்தபோது நன்றாக மிதந்தது, உயரத்தில் அலையலையாகத் தலைதூக்குகிறது.* எறிந்த வேகம் இயல்பான வேகத்தைவிடக் குறைவாக இருந்திருக்கும். மூக்கில் கால் கிராம் சேர்த்து மறுபடி ஏவுங்கள்.

*இறங்கவே இல்லை.* வெயிலில் சூடேறிய தரைமேல் எழும் காற்று வட்டமடிக்கும் கிளைடரைத் தூக்கிக்கொண்டு போகும். நண்பகலைத் தவிருங்கள். மாடல் மறைந்த திசையில் தூரத்து மரமொன்றை அடையாளம் வைத்து நேராக நடங்கள்.

ஒவ்வொரு பறப்புக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: மோட்டார், கிளைடர் எடை, எடை மையம், காற்று, மிதந்த விநாடி, செய்த மாற்றம்.

13. அடுத்து எடுக்கக்கூடிய கிட்கள்

பூஸ்ட் கிளைடர் கைவந்தபின் மூன்று வழிகள் திறக்கும். எஸ்டெஸின் ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட் போன்றவற்றில் முழு ராக்கெட் ஒன்று சிறு கிளைடரை முதுகில் சுமந்து போய் உச்சியில் விடும். அங்கே சமநிலை முன்பின்னாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் வகையில் உச்சியில் தகடுகள் விரிந்து, மாடல் சுழன்றபடி இறங்கும். ராக்கெட் கிளைடர் வகையில் எதுவும் கழலாது. ஏறிய உடம்பே முழுதாக மிதந்து இறங்க வேண்டும். அதனால் இறக்கையோ மோட்டாரோ உச்சியில் இடம்மாறி எடை மையத்தை நகர்த்தும்.

எந்தக் கிட்டை எடுத்தாலும், பசையைத் திறக்கும் முன் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் வையுங்கள்: ஏறும்போது எடை மையம் எங்கே, இறங்கும்போது எங்கே. அந்த இரண்டுக்கும் இடையே எடையை நகர்த்துவது எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு விடை கிடைக்காத கிட்டை இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுக் கட்டுவது நல்லது.